டயர் காற்றழுத்தம்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் நடுவில் மட்டும் தேய்கிறது, காற்று அடித்த பிறகும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்ற முறையீடுகள் வெவ்வேறு கோளாறுகளைப் போலத் தோன்றினாலும், அவற்றுள் கணிசமானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: ஓட்டுநர் தவறான நேரத்தில் அளந்திருப்பார், அல்லது தவறான எண்ணோடு ஒப்பிட்டிருப்பார். ஆகவே அறிகுறிகளுக்குள் நுழைவதற்கு முன் அவ்விரண்டையும் தீர்த்துக்கொள்வது நல்லது. அதைச் செய்யாமல் கீழுள்ள எந்தச் சோதனையைச் செய்தாலும் விடை நம்பத்தக்கதாக இருக்காது.

முதலில்: எந்த எண், எந்த நேரம்

உங்கள் வண்டிக்கு உரிய எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்ட அட்டவணையில் இருக்கும். சில வண்டிகளில் அது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனி எண்கள் இருக்கலாம். பல அட்டவணைகளில் ஓரிருவர் செல்லும்போது ஒரு எண்ணும், முழுப் பாரத்திற்கு வேறு எண்ணும் தரப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம்; அந்த டயர் எந்த வண்டியில் ஏறப்போகிறது என்பது அதைச் செய்தவருக்குத் தெரியாது.

அட்டவணையில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது நின்ற இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் நான்கிலிருந்து ஆறு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மறுநாள் காலையில் அந்த டயர் உண்மையாகவே குறைவாக இருக்கும். சூடான டயருக்குக் காற்று அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், அட்டவணை எண்ணுக்கு மேல் சுமார் நான்கு பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு, குளிர்ந்த பின் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

அலகிலும் கவனம் தேவை. ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.; நூறு கிலோபாஸ்கலும் அதுவே. அட்டவணையில் 2.2 பார் என்றிருந்தால் 32 பி.எஸ்.ஐ. என்று கொள்ளலாம்.

சொந்தமாக ஓர் அழுத்தமானி வைத்துக்கொள்வது நல்லது. காற்றடிக்கும் இடங்களில் உள்ள மானிகள் பலமுறை கீழே விழுந்து அடிபட்டவை. ஒரே டயரில் இரண்டு மானிகள் இரண்டு விதமாகக் காட்டினால், இரண்டில் எது சரி என்று மல்லுக்கட்டுவதை விட, எப்போதும் ஒரே மானியால் அளப்பது பயன் தரும். நான்கு டயர்களுக்கிடையே உள்ள வேறுபாடாவது அப்போது உண்மையாக இருக்கும்.

அறிகுறி: ஒரே டயரில் மட்டும் காற்று குறைந்துகொண்டே வருகிறது

குறைவது எப்போதும் அதே டயர்தானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். நான்கையும் குளிர்ந்த நிலையில் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்து, எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து அதே மானியால் அளந்தால் போதும். மற்ற மூன்றும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் அது கசிவுதான்.

கசிவைத் தேடச் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் வேண்டும். தேடும் வரிசை, செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்கட்டும்.

*வால்வு.* மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். அது ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் வால்வுக்குள் இருந்து காற்றை அடைக்கும் சிறு ஊசி, அதாவது வால்வு பின், நலம். மெல்லிய சவ்வுபோல மேலெழும்பி உடைந்து மீண்டும் எழும்பினால், பின்னை அதற்குரிய சிறு கருவியால் இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் பின்னை மாற்றிவிடலாம். பிறகு வால்வுத் தண்டின் அடியில், ரிம்முக்குள் அது நுழையும் இடத்தில், ரப்பரைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வளைக்கும்போது வாய் திறக்கும். வெடிப்பிருந்தால் வால்வையே மாற்ற வேண்டும், அதற்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றியாக வேண்டும். புது டயர் போடும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்வது இந்த வேலையை மிச்சப்படுத்தும்.

*தரையில் படும் பகுதி.* ஆணி, திருகு, கம்பித்துண்டு ஏதேனும் குத்தியிருக்கிறதா என்று டயரை முழுச்சுற்றும் உருட்டிப் பாருங்கள். தரையில் அழுந்தியிருக்கும் பகுதியில்தான் ஆணி ஒளிந்திருக்கும் என்பதால், வண்டியைச் சற்று நகர்த்திவிட்டு மறுபடி பார்ப்பது அவசியம். கண்டுபிடித்த ஆணியை அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். ஆணி இருக்கும்வரை மெதுவாகக் கசியும் ட்யூப்லெஸ் டயர், அதைப் பிடுங்கியவுடன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடக்கூடும். தேவையான காற்றை அடித்துக்கொண்டு பஞ்சர் போடுமிடத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள்.

*ரிம்மும் டயரும் சந்திக்கும் விளிம்பு.* ஆணியும் இல்லை, வால்வும் நலம் என்றால் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். இக்கசிவு பெரிய குமிழாக வராது, கடுகளவு நுரையாக ஒரே இடத்தில் கட்டிநிற்கும். பழைய அலாய் ரிம்களில் அரிப்பு ஏறி உலோகம் பொருபொருவென்று உரிந்திருக்கும். இரும்பு ரிம்களில் துரு. டயரைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்துச் சுத்தம்செய்து மீண்டும் பூட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குழியில் இறங்கி ரிம் நெளிந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அது வேறு கதை: சிறு நெளிவை நிபுணர் நிமிர்த்தலாம், விரிசல் விட்ட ரிம்மை மாற்றுவதே சரி.

*தொழிலாளரிடம் போக வேண்டிய கட்டம்.* வால்வு பின்னைத் தாண்டிய எதற்கும் அவர் தேவை. அங்கே இரண்டைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டும். வெளியிலிருந்து செருகும் ரப்பர் நூலை வீடு சேரும்வரைக்கான ஏற்பாடாக மட்டுமே நான் கருதுகிறேன். இரண்டு, ஓட்டை தரையில் படும் பகுதிக்குள் இருக்க வேண்டும், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தோள்பட்டையிலோ (தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) பக்கச்சுவரிலோ ஓட்டை விழுந்த டயருக்கு ஒட்டுப் போட ஒருவர் ஒப்புக்கொண்டால், வேறு கடை பாருங்கள். வழியில் டயருக்குள் அடைப்புத் திரவம் செலுத்தியிருந்தால் அதையும் கழற்றுமுன்பே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: நான்கு டயர்களிலும் ஒன்றுபோல் குறைந்திருக்கிறது

இது பெரும்பாலும் கோளாறே அன்று. நல்ல டயரிலும் ரப்பரின் ஊடாக மாதத்திற்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. கசிவது இயல்பு. கூடவே, வெளி வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறையும். மூன்று மாதம் பார்க்காமல் விட்டு, இடையில் பருவமும் மாறியிருந்தால், 32 இருந்த இடத்தில் 26 காட்டுவதில் வியப்பில்லை. அட்டவணை எண்ணுக்கு அடித்துவிட்டு, மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்திற்கு முன்பும் பார்த்துக்கொண்டால் போதும்.

மலையேறும்போது அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடுதலாகக் காட்டும்; ஆனால் அங்கே நிலவும் குளிர் அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். அங்கேயே தங்கப்போகிறீர்கள் என்றால் மறுநாள் காலையில் அளந்து சரிசெய்யலாம், இல்லையேல் அப்படியே விடலாம்.

நைட்ரஜன் அடித்தால் குறையாது என்பதும் பாதிதான் உண்மை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே. வெப்பத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது அதற்கும் உண்டு, மாதாந்தரச் சோதனையும் அதற்கு வேண்டும்.

அறிகுறி: காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது

விளக்கு எப்படி எரிகிறது என்பதே இங்கே முதல் சோதனை. வண்டியைக் கிளப்பியதும் கவனியுங்கள்.

*தொடர்ந்து எரிகிறது.* ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. நான்கையும் கையால் அளந்து அட்டவணை எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ரேடியல் டயரின் அடிப்பகுதி சரியான காற்றிலும் சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும்.

*காலையில் எரிந்து, சில கிலோமீட்டர் ஓடியதும் அணைகிறது.* டயர் எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஓடிச் சூடானதும் அழுத்தம் ஏறி விளக்கு அணைகிறதே தவிர, குறை தீரவில்லை. காலையிலேயே அளந்து அடியுங்கள்.

*காற்று அடித்த பிறகும் அணையவில்லை.* சில கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பல அமைப்புகள் வண்டி ஓடினால்தான் புதிய அளவை ஏற்கும். அதன் பின்னும் எரிந்தால் மீளமைக்கும் பொத்தானையோ திரையிலுள்ள அமைப்பையோ கையேட்டில் தேடுங்கள். டயருக்குள் தனி சென்சார் இல்லாமல், ஏ.பி.எஸ். அமைப்பின் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) சக்கர வேக அளவைக் கொண்டு ஊகிக்கும் வண்டிகளில் ஒவ்வொரு முறை காற்று சரிசெய்த பின்னும், டயர் மாற்றிய பின்னும் இந்த மீளமைப்பு கட்டாயம். நான்கும் சரியான அழுத்தத்தில் இருக்கும்போது மட்டுமே அதை அழுத்துங்கள். குறைந்த காற்றோடு அழுத்தினால் அந்தக் குறையையே சரியான அளவென்று வண்டி எடுத்துக்கொள்ளும்.

*ஒரு நிமிடம் அளவுக்குச் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிறது.* காற்றில் குறையில்லாமலும் இருக்கலாம், அமைப்பிலேயே பழுது. சென்சாரின் மின்கலம் ஐந்திலிருந்து பத்தாண்டு வரை உழைக்கும். தீர்ந்தால் பெரும்பாலான சென்சார்களை முழுதாகவே மாற்ற வேண்டும். இதற்கு அலைவரிசையைப் படிக்கும் கருவி தேவை, ஆகவே தொழிலாளரிடம்தான் போக வேண்டும். சமீபத்தில் டயர் மாற்றியிருந்தால், கழற்றும்போது சென்சார் உடைந்ததா என்பதை முதலில் கேளுங்கள்.

*டயர் மெத்தென்று தெரிகிறது, விளக்கோ எரியவில்லை.* விளக்கை நம்பியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அமெரிக்க விதிப்படி அட்டவணை அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் எச்சரித்தால் போதும். அதாவது 32 இருக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை விளக்கு பேசாமலிருக்கலாம். நான்கும் ஒன்றுபோல் இறங்கினால், சக்கர வேகத்தை ஒப்பிடும் அமைப்புகளுள் பழையவை அதைக் கண்டுகொள்ளாமலும் போகலாம்.

ஒரு சிறு குறிப்பு: சென்சார் பொருத்திய அலுமினிய வால்வுக்குப் பித்தளை மூடி போடாதீர்கள். இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திருகினால் தண்டோடு முறிந்து வரும். பிளாஸ்டிக் மூடியே சிறந்தது.

அறிகுறி: டயர் சீரின்றித் தேய்கிறது

தேய்மானம் பல மாதக் கணக்கை ஒரே பார்வையில் காட்டிவிடும். முன் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுதாகத் திருப்பி வைத்து, பள்ளங்களின் ஆழத்தை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து பாருங்கள்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் நீண்ட நாட்களாகக் காற்று அதிகம். பக்கச்சுவர் எண்ணுக்கு அடிக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு, அல்லது எப்போதும் முழுப் பாரத்தோடு ஓட்டிக்கொண்டு குறைந்த பாரத்துக்கான எண்ணையே வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் அழுத்தத்தைத் திருத்தினால் மேலும் தேய்வது நிற்கும், தேய்ந்தது திரும்பாது. ஒரு தேய்மானத்தைச் சமன்செய்ய எதிர்த்திசையில் அழுத்தத்தை மாற்றி ஓட்டும் யோசனையை யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் காற்றைக் குறை சொல்ல முடியாது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம்போலவும் இருந்தால் சக்கரக் கோணம் தவறியிருக்கிறது, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதற்குப் போகுமுன் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிசெய்துவிடுங்கள், இல்லையேல் அங்கே எடுக்கும் அளவே பிழையாகும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழிகள் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ (சக்கரத்தின் எடைச் சமநிலை) சோதிக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தினுள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. அதற்குப் பின் செய்யும் அழுத்தச் சோதனைக்குப் பொருளில்லை, டயரை மாற்ற வேண்டும்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

முன் டயர்கள் இரண்டையும் குளிர்ந்த நிலையில் அளந்து சமமாக்குங்கள். காற்று குறைந்த பக்கமே வண்டி இழுக்கும். சமமாக்கிய பின்னும் இழுத்தால், மழைநீர் வழிவதற்காகச் சாலையே ஓரம் சரிந்திருக்கிறதா என்பதைத் தட்டையான பரப்பில் ஓட்டிப் பார்த்து விலக்குங்கள். அடுத்து, சிறிது தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு, இரு முன் ரிம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள்; ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அப்பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில், மாறாவிட்டால் அலைன்மென்டில். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி உள்ள டயர்களில் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

அறிகுறி: சிறு மேட்டிலும் குதிக்கிறது, அல்லது ஸ்டீயரிங் கனக்கிறது

குதிப்பது காற்று அதிகமானதாலும், கனப்பது முன் டயரில் காற்று குறைந்ததாலும் இருக்கலாம். அளந்து திருத்தியும் மாறாவிட்டால் காற்றை விட்டுவிட்டு, முதலில் சொன்னதற்கு ஷாக் அப்சார்பரையும் இரண்டாவதற்கு ஸ்டீயரிங் அமைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சொகுசுக்காக அட்டவணை எண்ணுக்குக் கீழே இறக்குவதை நான் ஏற்பதில்லை. குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கிச் சூடேறுகிறது. வேகத்தில் டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடே வழிவகுக்கிறது.

அறிகுறி: ஆட்களும் சாமான்களும் ஏறினால் பின்பக்கம் அலைகிறது

அட்டவணையின் முழுப் பார எண்ணைப் பாருங்கள். பின் டயருக்கு அது கணிசமாகக் கூடுதலாக இருக்கும். புறப்படுமுன் அதற்கு உயர்த்தி, பாரம் இறங்கிய பின் பழைய எண்ணுக்கு இறக்குங்கள். காற்றை எவ்வளவு ஏற்றினாலும், வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத் தாண்டிய பாரத்துக்கு அது ஈடாகாது.

அறிகுறி: வேறு அளவு டயர் போட்ட பின் எந்த எண்ணும் பொருந்தவில்லை

அட்டவணையில் பல டயர் அளவுகள் இருந்தால் உங்களுடையதற்கு நேரே உள்ளதை எடுங்கள். அட்டவணையிலேயே இல்லாத அளவு என்றால் பாரக் குறியீட்டைப் பாருங்கள். 205/55 ஆர்16 91வி என்பதில் 91 என்பதே அக்குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். 94 என்றால் 670 கிலோ. புதிய டயரின் குறியீடு பழையதை விடக் குறைவாக இருந்தால் அதைப் போட்டிருக்கவே கூடாது. எக்ஸ்.எல். (கூடுதல் பாரம் தாங்கும் வகை) என்ற குறியுள்ள டயர், சாதாரண டயர் தாங்கிய அதே பாரத்தைத் தாங்கச் சற்றுக் கூடுதல் அழுத்தம் கேட்கும். எவ்வளவு என்பதை டயர் தயாரிப்பாளரின் பார அட்டவணையை வைத்திருக்கும் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுங்கள். குத்துமதிப்பாக முடிவுசெய்யும் விஷயம் அன்று இது.

அறிகுறி: பஞ்சரானபோது பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்றில்லை

ஸ்டெப்னியையும் மாதாந்தரச் சோதனையில் சேர்ப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதன் எண்ணே வேறு. பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ., வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள்.

காற்று அடிக்காமல் நேரே டயர் கடைக்குப் போக வேண்டியவை

பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிட்டன. அழுத்தம் சரியாக இருந்தாலும் அந்த டயரில் ஓட்டக் கூடாது. காற்றே இல்லாமல் சிறிது தூரம் ஓடிய டயரையும் அப்படியே நிரப்பி ஓட்டாதீர்கள். வெளியே பக்கச்சுவரைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த கோடு இருக்கும். கழற்றினால் உள்ளே கருப்பு ரப்பர் தூள் கொட்டும். அந்தத் தூளைக் கண்டால் ஆணிக்குத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அந்த டயரைக் கழித்துவிடுங்கள்.